வாரை மட்டும் எடுத்துராதீங்க

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேருல வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. வெயில்ல வந்துருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. நீங்க ஆருன்னு சொல்லவே வேண்டாம், சட்டைப் பையிலயே கம்பெனி பேரு போட்டுருக்குது. கோயமுத்தூருல ஓட்டலுகளுக்கு ட்ரே செய்யற கம்பெனிதான. எங்கூட்டுக்காரரு வேல செய்யற ஓட்டல் மொதலாளி அங்கிருந்து ஆள வரச் சொல்லியிருக்காரு, இன்னிக்கு வெடியால சப்ளையருக எல்லாத்தையும் உக்கார வெச்சுப் பேசப் போறாங்கன்னு ஓட்டல்ல எலை எடுக்கற பாப்பாத்தியக்கா நேத்தே சொல்லிருச்சு. அப்பப் புடிச்சு எனக்கு ஒரு வேலயும் ஓடலீங்க.

இருங்க இருங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பேசி முடிச்சர்றன், அப்பறம் நீங்க பேசுங்க. நடுவுல நிறுத்துனா மறுக்கா ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது.

ஒரே ஒரு விசயந்தானுங்க. வாரை மட்டும் எடுத்துராதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். அகலமாப் பண்ணுங்க, சின்னதாப் பண்ணுங்க, பிளாஸ்டிக்குல பண்ணுங்க, உங்க கம்பெனி பேரப் பெருசாப் போட்டுக்கங்க. இந்த ட்ரேய நான்தான் மொதல்ல செஞ்சன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டன். ஆனா அடியில கைய உள்ள நொழச்சு இறுக்கற அந்த ரெண்டு வாரும் இருக்கோணும். அது இல்லாட்டி அது ட்ரேயே இல்லீங்க.

எதுக்குச் சொல்றன்னாக் கேளுங்க. எங்கூட்டுக்காரரு அந்த ஓட்டல்ல ரொம்ப நாளாச் சப்ளையரு. முந்தியெல்லாம் அங்க ட்ரேயே கெடையாதுங்க. இடது கையில மணிக்கட்டுல ஆரம்பிச்சுத் தோளு வரைக்கும் தட்டு அடுக்கிக்குவாங்க. இட்லித் தட்டு, அது வெளிம்பு மேல ஏறி உக்காந்தாப்புல தோசைத் தட்டு, அதுக்கு மேல பூரி. வலது கையில சாம்பார் வாளி. அவரு அப்புடி வர்றத நீங்க பாத்துருக்கோணும். எங்கயும் இடிக்காம, ஒரு சொட்டுச் சட்டினி சிந்தாம, கூட்டத்துக்குள்ள பாம்பாட்ட நெளிஞ்சு வருவாரு. கனம் முச்சூடும் மொழங்கையில நிக்கும். வெரலுக்கு அதுல பெருசா வேல இல்லீங்க.

அப்பறம் மொதலாளி ஒரு நா வந்து, இனி கையில தட்டு அடுக்கக் கூடாது, சட்டை படுது, சாப்புட வர்றவங்க மூஞ்சியச் சுளிக்கறாங்கன்னு சொல்லி, பெரிய பெரிய எவர்சில்வரு ட்ரே வாங்கிப் போட்டுட்டாரு. உள்ளங்கையில தாங்கி, வெரல விரிச்சு, தோளுக்கு மேல தூக்கிட்டு வரோணும். அதுல கனமெல்லாம் அஞ்சு வெரலுக்கு வந்துருச்சு. அங்கதானுங்க எனக்குப் பயம் புடிச்சுது.

பயம்னா வேற ஒண்ணுமில்லீங்க. அவருக்குக் கையில நோவெல்லாம் ஒண்ணுங் கெடையாது. அத மொதல்லயே சொல்லிர்றன். நல்லாத்தான் இருக்காரு.

டம்ளரு ஒண்ணு ரெண்டு கீழ போட்டாரு. எவருதான் போடல. காப்பியக் குடுத்தா வாங்குவாரு, வாங்குனாப்புலதான் இருக்கும், டம்ளரு தானா நழுவிக் கீழ வந்துரும். அவரு கையவே பாத்துட்டு நிப்பாரு. நான் ஒண்ணுமே பாக்காதவளாட்டத் துணியெடுத்துத் தொடச்சுட்டு இருப்பன். சுண்டு வெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும் கொஞ்சம் மடங்குனாப்புல இருக்குது. தட்டு தூக்கித் தூக்கி அப்புடி ஆயிருச்சு, வேல செய்யற கையி அப்புடித்தான இருக்கும்.

ஒரு நா நான் தோசை ஊத்திட்டு இருக்கறன். பக்கத்துல வந்து நின்னு, அடுப்புத் திண்டுல கைய ஊனிட்டு, ஓட்டல் கதை பேசிட்டு இருந்தாரு. பேசிட்டே இருக்கையில எனக்கு ஒரு வாசம் வந்துது. தோசை தீயுதோன்னு கல்லப் பாத்தன். தீயல. பாத்தா, அவரு கையி கல்லு ஓரத்துல பட்டுட்டு இருக்குதுங்க. பட்டுட்டே இருக்குது. அவரு பாட்டுக்குச் சிரிச்சுப் பேசிட்டு இருக்காரு. நான் கையத் தட்டிவுட்டு, பாத்து நில்லுங்கன்னன். அவரும் ‘அட’ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசலீங்க. சூட்டுலயே நிக்கற ஆளுகளுக்குத் தோலு மரத்துப் போயிரும், அதெல்லாம் சகசந்தான். ஆனா அன்னிக்கு அந்தத் தோசைய என்னால வாயில வெக்க முடியல.

மொழங்கைக்குக் கீழ ஒரு தேமலு இருக்குது. தேமல்தானுங்க. வெளுத்தாப்புல, ஓரத்துல லேசாச் செவந்து. நம்மூரு சுகாதார நிலையத்துச் செவுத்துல தேமலப் பத்திப் பெருசா எழுதிப் போட்டுருக்காங்கல்ல, அந்தப் பக்கம் போனா நான் ரோட்டுக்கு அக்கட்ட மாறிருவன். படிச்சதில்ல. படிச்சா அது மனசுல உக்காந்துக்கும். டாக்டருகிட்டக் காட்டலாமுன்னு தோணாம இல்லீங்க. ஆனா அவங்க ஒரு பேரு வெச்சுருவாங்க. பேரு வெச்சுட்டா அப்பறம் அது போவாது, வூட்டுலயே தங்கிரும். அதுலயும் சாப்பாடு எடுத்துக் குடுக்கற கையி. நாளைக்கு ஒரு பேச்சு கெளம்புனா அந்த ஓட்டலுக்குள்ள ஒருத்தரு காலு வெப்பாங்களா? மொதலாளி இவர வெச்சுக்குவாரா? இவருக்கு வேற என்னங்க தெரியும்? சப்ளை பண்றத வுட்டா இவருக்குக் கையே இல்ல.

அதுனாலதான் நான் உக்காந்து யோசிச்சன். நான் பை தைக்கற கடையில வேல செய்யறனுங்க. பள்ளிக்கூடத்துப் பையி, டிராவல் பையி. வாரு, பக்கிளு, உள்ள வெக்கற பஞ்சு எல்லாம் எங்கையில பழகுனதுதான். கனத்த வெரலுலருந்து எறக்கி மறுக்கா மொழங்கைக்கே கொண்டாந்துரோணும், அதுதான் யோசனை. எவர்சில்வரு ஆவாதுன்னு அலுமினியத் தட்டு வாங்குனன். மேல சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுனன், டம்ளரு வழுக்காது. அடியில பஞ்சு வெச்சு மெத்தையாட்டத் தெச்சு, மணிக்கட்டுக்கிட்ட ஒரு வாரு, மொழங்கைக்கிட்ட ஒரு வாரு. கைய நடுவுல வெச்சா ஆடுது, கொஞ்சம் ஒடம்புப் பக்கமாத் தள்ளி வெச்சாத்தான் நிக்குது. அதக் கண்டுபுடிக்கறதுக்குள்ள எத்தன டம்ளரு தண்ணியக் கொட்டுனனோ. எங்கையிலயே கட்டிட்டு, டம்ளருல தண்ணி ரொப்பி வெச்சு, சமையக்கட்டுலருந்து வாசலுக்கும் வாசல்லருந்து சமையக்கட்டுக்கும் நடப்பன். பாத்தவங்க பைத்தியமுன்னு நெனச்சுருப்பாங்க.

மொதலாளி பாத்துட்டுக் கேட்டாரு, எல்லாம் செரி, புடிச்சுக்க ஒரு கைப்புடி வெச்சுருக்கலாமேன்னு. நீங்களும் கேப்பீங்க. கைப்புடி வேணும்னுதான் வெக்கலீங்க. புடிக்கவே வேண்டாம், வெரலு சும்மா தொங்குனாப் போதும். ட்ரே தானா நிக்கும். அதுதான் இதுல விசேசம்.

அவருகிட்டக் குடுக்கறப்ப எனக்கு உசுரே இல்ல. ‘தோளு வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தீங்களே, அதுக்குத்தான் இது’ன்னன். அவரு அப்புடிச் சொன்னதே இல்லீங்க. ட்ரேயத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. வாருக்குள்ள கைய வுட்டாரு, எடுத்தாரு. சித்த நேரம் என்னயவே பாத்துட்டு இருந்துட்டு, ‘ஆமா, தோளுதான் படுத்துது’ன்னாரு. நம்பிட்டாரு பாவம். அவரு எதையும் ஊனிக் கவனிக்கற ஆளு இல்லீங்க, சொன்னா அப்புடியே எடுத்துக்குவாரு. அதுவே எனக்கு ஒரு நிம்மதி. அவருக்குத் தெரிஞ்சுட்டா ஒடஞ்சு போயிருவாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னும் ஒடஞ்சு போயிருவாரு. நான் ஒருத்தி பயந்துக்கறது போதாதா.

அப்பறம் பாத்தா அவருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. ‘வாரை இன்னுங் கொஞ்சம் இறுக்கித் தெச்சுக் குடு’ம்பாரு. இறுக்கிக் குடுப்பன். மறுக்கா வந்து இன்னுங் கொஞ்சம்பாரு. கையில வாரு தடம் பதிஞ்சு கன்னிப் போயிருக்கும், வலிக்குதான்னு கேட்டா இல்லம்பாரு. தேமலும் வாருக்கு அடியில மறஞ்சுக்குது. நல்ல வெயில்லயும் முழுக்கைச் சட்டைதான் போட்டுக்குவாரு, கேட்டா ஓட்டல்ல ஃபேன் காத்து ஒத்துக்கலம்பாரு. வாரைக் கட்டறப்ப மட்டும் அக்கட்டத் திரும்பிக்குவாரு. ஆம்பளைங்க பொம்பள முன்னால தடுமாறுனா வெக்கந்தான.

மொதலாளி அதப் பாத்துட்டு, எல்லாருக்கும் இதே மாதிரி வேணும்னு சொன்னாரு பாருங்க, அன்னிக்குத்தானுங்க நான் நிம்மதியாத் தூங்குனன். இத்தன சப்ளையருகளும் வாரு கட்டிட்டு நின்னா, இவரு எதுக்குக் கட்டியிருக்காருன்னு எவரு கேக்கப் போறாங்க. ராவும் பகலுமாத் தெச்சுக் குடுத்தன். எல்லாரும் நல்லா இருக்குதுன்னாங்க. கையி அசரலம்மா, முந்திக்கு இப்ப நெறையத் தூக்க முடியுதும்மான்னு சொன்னாங்க. இவரு கூடச் சப்ளை பண்ற அந்தச் செங்கோடனுந்தான் சொன்னான்.

செங்கோடனப் பத்தித்தான் சொல்ல வந்தீங்களா? இருங்க, அதையும் நானே சொல்லிர்றன். அதுக்குத்தான வாரை எடுக்கறதாப் பேச்சு. அந்தப் பையன் ஒரு ஓட்டக்காரனுங்க. நடக்கவே தெரியாது. ட்ரே முச்சூடும் சாம்பார்க் கிண்ணமா வெச்சுட்டு ஓடியாந்துருக்கறான், ஒரு கொழந்தை மேசைக்கு அடியிலருந்து குறுக்க வந்துருக்குது. அந்த மாதிரி நேரத்துல சப்ளையருக ட்ரேய ஆளில்லாத பக்கமா வீசிருவாங்க. அது அவங்க தொழில் பழக்கம், யோசிச்செல்லாஞ் செய்யறதில்ல, கையி தானாச் செய்யும். இவனும் வீசப் பாத்துருக்கறான். வாரு வுடல. ட்ரே திரும்பி அவன் மேலயே சாஞ்சு, நெஞ்சு வயிறெல்லாம் கொதிக்கக் கொதிக்கக் கொட்டிருச்சு. கொழந்தைக்கு ஒண்ணும் இல்ல.

பாவந்தான். நான் இல்லங்கல. ஆனா அதுக்கு வாரு என்னங்க பண்ணும்? மெதுவா வந்துருந்தா ஆவுமா? எங்கூட்டுக்காரரு இத்தன நாளாக் கட்டிட்டு நடக்கறாரே, ஒரு சொட்டுச் சிந்துனதுண்டா? நான் போயிப் பாக்கலீங்க அவன. போவோணும்னுதான் நெனச்சன். அவங்கம்மா மூஞ்சியப் பாக்கப் பயம். வாரு தெச்சவ நீதானன்னு கேட்டுட்டா நான் எங்க போயி நிப்பன்.

அன்னிக்கு இவரு வூட்டுக்கு வந்து சாப்புடல. ட்ரேய மடியில வெச்சுட்டு உக்காந்துருந்தாரு. ‘வாரு இல்லாம இருந்துருந்தா வீசியிருப்பான்’னாரு. நான் பட்டுனு, ‘அப்ப நீங்க எப்புடி’ன்னு ஆரம்பிச்சுட்டன். ஆரம்பிச்சுட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டன். ‘எனக்கென்ன?’ன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னுட்டு உள்ள போய்ட்டன். உள்ள போயி வெளக்குன பாத்தரத்தவே மறுக்கா வெளக்கிட்டு இருந்தன். எங்க கண்டுபுடிச்சுருவாரோன்னு.

அதுக்கப்பறம் நான் சும்மா இருக்கலீங்க. இத பாருங்க, இதுல ஒரு கயிறு தொங்குதா? இதச் சுண்டி இழுத்தா ரெண்டு வாரும் ஒண்ணா வுட்டுரும். இழுத்துப் பாருங்க. நல்லா இழுங்க. வுட்டுருச்சா? இந்த மாதிரி வெச்சுட்டா ஆரும் வெந்து போவ மாட்டாங்க. வலது கையில வாளி இருக்குமே, எப்புடி இழுப்பாங்கன்னு கேக்காதீங்க. வாளியக் கீழ வெச்சுட்டு இழுக்கட்டும். நேரமிருக்காதுதான். தெரியுதுங்க. ஆனா இத நீங்க கம்பெனியில நல்லபடியா மாத்திக்கலாமே. படிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா. எடுக்க மட்டும் எடுத்துராதீங்க. மத்த எல்லாரும் வாரு இல்லாத ட்ரேயத் தூக்கிட்டு, இவரு ஒருத்தரு மட்டும் கட்டிட்டு நின்னா, ஏன்னு கேப்பாங்கல்ல. கட்டாம நின்னா மொத நாளே கீழ போட்டுருவாரு. எனக்கு வேற வழி தெரியலீங்க. உங்க காலப் புடிச்சுக்கறன். செங்கோடனுக்கு அந்த ஒரு தடவ ஆச்சு. எல்லாருக்குமா ஆயிரும்?

ஏனுங்க அப்புடிப் பாக்கறீங்க. நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா? எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லீங்க, அத நான் மொதல்லயே சொல்லிட்டன். இந்நேரம் வந்துருப்பாரு. வெடியால முறை முடிஞ்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துருவாரு. இன்னிக்கு என்னமோ காணம். வந்தாருன்னா இதெல்லாம் பேசாதீங்க. அளவெடுக்க வந்தன்னு மட்டும் சொல்லுங்க.

என்னுங்க?

அளவெடுக்க வரலீங்களா?

அவரு தாட்டி உட்டாரா உங்கள, அவரு அனுப்பியா வந்தீங்க? எங்கூட்டுக்காரரா? எதுக்கு? அவருக்கு என்ன ஆச்சு? கீழ போட்டுட்டாரா? ஆரு மேலயாச்சும் கொட்டிருச்சா?

செரி. செரி, நான் பேசல. நீங்க சொல்லுங்க.

அந்தக் கூட்டத்துல எல்லாரு முன்னாலயுமா?

மொதலாளி இருக்கையிலயேவா சட்டைக் கையச் சுருட்டிக் காட்டுனாரு? தேமலையா? கேளுங்க அம்மிணி, நீங்க வேற ஆரையோ பாத்துருப்பீங்க. அவரு சபையில எந்திரிச்சுப் பேசற ஆளே இல்ல. அவரு என்ன சொன்னாரு? இன்னொருக்காச் சொல்லுங்க. அவரு சொன்னாப்புலயே சொல்லுங்க.

‘இந்த வாரு எங்கையிக்காக எஞ்சம்சாரம் தெச்சது. எங்கையில உணர்ச்சி இல்ல. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரெண்டு பேரும் பயந்துட்டுப் பேசிக்கல. அதுக்காக மத்தவங்க கையக் கட்டிப் போடாதீங்க. கீழ போட முடியற ட்ரேயாச் செய்யுங்க.’

அவளுக்கும் தெரியும்னா சொன்னாரு?

அப்பத் தோளு வலின்னு சொன்னது. வாரை இறுக்கச் சொன்னது. அக்கட்டத் திரும்பித் திரும்பிக் கட்டுனது.

இருங்க. இந்த ட்ரேயக் கீழ வெச்சர்றன்.

ஆராச்சும் தள்ளி நின்னாங்களா? அவரு கையக் காட்டுனப்ப. நெசத்தச் சொல்லுங்க அம்மிணி, எனக்காக மறைக்க வேண்டாம். ரெண்டு பேரா. ரெண்டு பேரு எந்திரிச்சுப் போய்ட்டாங்களா. மொதலாளி என்ன சொன்னாரு? ஒண்ணுமே சொல்லலியா? ஒண்ணுஞ் சொல்லாம உள்ள போய்ட்டாருன்னா அது நல்லதுங்களா, கெட்டதுங்களா? உங்களுக்கும் தெரியாதா. ஆமா, உங்களுக்கு எப்புடித் தெரியும்.

இப்ப எங்க இருக்காரு?

பெரியாசுபத்திரிக்கா? ஆரு கூட்டிட்டுப் போனது?

செங்கோடனா. அவனுக்கே இன்னும் கட்டுப் பிரிக்கலியே. அவன் எதுக்கு ஓட்டலுக்கு வந்தான்? வாரைப் பத்திப் பேசறாங்கன்னு வந்தானா. அந்தக் கையவா புடிச்சான்? அந்தத் தேமலு கையவா?

நான் அவன ஓட்டக்காரன்னு சொன்னன்ல, அத மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி.

டாக்டரு என்ன சொல்லுவாங்க? பேரு வெச்சுருவாங்களா? நானே சொல்லட்டுமா அந்தப் பேர? வேண்டாம், எனக்கு வாயில வரல. என்ன சொல்றீங்க, உங்க பெரியப்பாவுக்கா? அதேதானா? சும்மா என்னயத் தேத்தறதுக்குச் சொல்லலியே? மாத்திரை சாப்புட்டே செரியாயிருச்சா? கூட இருந்தவங்க எவருக்கும் வரலியா? வெரலு? போன உணர்ச்சி முழுசா வரல, ஆனா மேல போவாம நின்னுருச்சா. சீக்கிரமே போயிருந்தா இன்னும் நல்லா இருந்துருக்கும்னு டாக்டரு சொன்னாங்களா.

சீக்கிரமே. ஆமா.

அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அவரு இங்க உங்களத் தாட்டி உட்டப்ப எப்புடி இருந்தாரு? பயந்துட்டு இருந்தாரா?

செருப்ப எடது வலது மாத்தி மாட்டிட்டு நின்னாரா. ‘அவகிட்ட என்னால சொல்ல முடியாது, நீங்க போயிச் சொல்லுங்க’ன்னாரா. அவரா.

நான் ஒருத்திதான் இந்த வூட்டுல பயந்துட்டுக் கெடக்கறன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. அவரு பக்கத்துலயே படுத்துட்டு அதே பயத்தப் பயந்துட்டு இருந்துருக்காரு. எங்கிட்டச் சொல்லியிருந்தா. நான் கேட்டுருந்தா.

இல்ல, அழுவல. வண்டியிலதான வந்தீங்க? நான் பின்னால உக்காந்துக்கறன், எனக்கு ஒருபக்கமா உக்காந்து பழக்கந்தான். டாக்டரு கூப்புடறப்ப அவரு தனியா உள்ள போவக் கூடாது. அந்தப் பேரச் சொல்றப்ப நான் பக்கத்துல இருக்கோணும். ட்ரே அங்கியே கெடக்கட்டும், எடுக்க வேண்டாம். என்னயக் கொஞ்சம் புடிச்சுக்கங்க அம்மிணி. எனக்குப் பயமாத்தான் இருக்குது. ஆனாப் போலாம், வாங்க, போலாம்.